பேட்டி எடுக்க முடியாதவர்களின் கதை

கேள்வி: ஓர் ஆங்கில நாளேட்டின் வெளிநாட்டு நிருபராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசியாக இருந்த ஊர் யாங்கோன், அதாவது அன்றைய ரங்கூன். இப்போது வேலையை விட்டு ஊர் திரும்பிவிட்டேன். 1942-ல் ஜப்பானியப் படை நெருங்கியபோது ரங்கூனை விட்டு நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர்களைப் பற்றி ஒரு நாவல் எழுத வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. குறிப்புகள் ஏராளமாகச் சேர்த்திருக்கிறேன். எழுத உட்கார்ந்தால்தான் கை வரவில்லை. நடக்காததை நடந்ததாக எழுதுவது இத்தனை காலம் காத்துவந்த நேர்மைக்கு விரோதம் என்று மனம் உறுத்துகிறது. எழுதிய இரண்டு அத்தியாயங்களைப் படித்த நண்பர், "ஞாயிறு மலர்க் கட்டுரை மாதிரி இருக்கிறது" என்றார். ஜெரால்டின் புரூக்ஸ் போல நிருபராக இருந்து சரித்திர நாவலுக்கு வந்தவர்கள் இதை எப்படிக் கடந்தார்கள்? ஆராய்ச்சியை எங்கே நிறுத்துவது? ஐம்பதை நெருங்கும் வயதில் இதைத் தொடங்கலாமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: உங்கள் கேள்விகளில் நேர்மை பற்றியதுதான் அடிப்படையானது. அது தெளிந்துவிட்டால் மற்றவை தாமாகவே வழிவிடும். நீங்களே புரூக்ஸின் பெயரைச் சொல்லியிருப்பதால் அவரை வைத்தே பேசலாம். இந்த மாற்றத்தை அவ்வளவு கவனமாகச் செய்தவர்கள் குறைவு.

1955-ல் சிட்னியில் பிறந்தவர் அவர். 'சிட்னி மார்னிங் ஹெரால்ட்' நாளேட்டில் தொழில் கற்றார்; நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தார்; பிறகு 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நிருபராக மேற்காசியா, ஆப்பிரிக்கா, பால்கன் நாடுகள் என்று போரும் பஞ்சமும் நடந்த இடங்களுக்கெல்லாம் போனார். 1994-ல் நைஜீரியாவில், ஒகோனி மக்களின் எண்ணெய் வயல் போராட்டத்தைப் பற்றி எழுதப் போன இடத்தில், உளவாளி என்ற சந்தேகத்தில் காவலில் வைக்கப்பட்டார். அதற்குப் பிறகு குழந்தை பிறந்தது. ஆபத்தான இடங்களுக்குப் புறப்பட்டுப் போகும் அந்த வேலையை விட்டார். 2001-ல் முதல் நாவல் 'இயர் ஆஃப் வொண்டர்ஸ்' வந்தது. அடுத்த நாவலான 'மார்ச்' 2006-ல் புலிட்சர் பரிசு பெற்றது.

உண்மையை விட்டுவிட்டுக் கற்பனைக்குப் போனவர் என்றுதான் அவரைப் பற்றிப் பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு பேரழிவு நடக்கும்போது சாதாரண மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் நிருபராக அவர் கேட்ட கேள்வி. நாவலிலும் அதையேதான் கேட்கிறார். பதில் சொல்ல ஒருவரும் உயிரோடு இல்லாத காலத்துக்கு அந்தக் கேள்வியைக் கொண்டுபோனார், அவ்வளவுதான்.

முதல் நாவல் பிறந்த விதத்தைப் பாருங்கள். 1990 கோடையில், லண்டனில் இருந்துகொண்டு மேற்காசியச் செய்திகளை எழுதிவந்த காலத்தில், விடுமுறைக்கு இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப்பகுதிக்குப் போனவர் தற்செயலாக ஈம் என்ற கிராமத்தைக் கண்டார். 1665-ல் லண்டனிலிருந்து தையல்காரர் ஒருவருக்கு வந்த துணிப்பொதியோடு பிளேக் அந்த ஊருக்குள் நுழைந்தது என்பது ஊர் வரலாறு. ஈரமாக இருந்த துணியைப் பிரித்து அடுப்பருகே உலர்த்திய ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற உதவியாளர்தான் முதலில் செத்தார். அடுத்த கோடையில் சாவு பெருகியபோது வில்லியம் மாம்பெசன் என்ற இளம் பாதிரியார், தமக்கு முன்பு அங்கே போதகராக இருந்த தாமஸ் ஸ்டான்லியோடு சேர்ந்து, யாரும் ஊரை விட்டு வெளியேற வேண்டாம் என்று மக்களை இணங்க வைத்தார். சுற்றுக் கிராமங்களுக்கு நோய் பரவக் கூடாது என்பதற்காக ஓர் ஊரே தன்னை அடைத்துக்கொண்டது.

எல்லைக் கல்லில் குழி செதுக்கி வினிகர் ஊற்றி, அதில் காசு போட்டு வைப்பார்கள். வெளியூர்க்காரர்கள் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். சாட்ஸ்வொர்த் மாளிகையிலிருந்த டெவன்ஷயர் பிரபுவும் உணவு அனுப்பினார். தேவாலயத்துக்குள் கூடாமல் பள்ளத்தாக்கில் தள்ளித் தள்ளி நின்று வழிபட்டார்கள். அவரவர் வீட்டுப் பிணத்தை அவரவரே புதைத்தார்கள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாளில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் புதைத்தாள். 1666 ஆகஸ்டில் பாதிரியாரின் மனைவி கேத்தரினும் இறந்தார். அந்த ஆண்டு நவம்பரில் நோய் ஓய்ந்தபோது, செத்தவர்கள் ஏறத்தாழ 260 பேர்.

இந்த ஊரைக் கண்ட நிருபர் ஒருவர் நல்ல பயணக் கட்டுரை எழுதிவிட்டு நகர்ந்திருக்கலாம். புரூக்ஸ் அதோடு விடவில்லை. யார் கண்ணால் இதைப் பார்ப்பது என்ற கேள்வி அவரிடம் இருந்தது. பாதிரியாரின் கடிதங்கள் சில பிழைத்திருக்கின்றன. அவற்றில் ஓரிடத்தில், வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு நோய் வராமல் இருந்தது தமக்குப் பெரிய உதவி என்று போகிற போக்கில் சொல்கிறார். பெயர் சொல்லவில்லை. ஊர் முழுக்கச் சாகும்போது பிழைத்திருந்து, அந்த வீட்டில் சமைத்து, துவைத்து, எல்லாவற்றையும் பார்த்த பெண் யார்? ஆவணம் அதற்குமேல் பேசவில்லை. புரூக்ஸ் அந்த இடத்தில் அன்னா ஃப்ரித் என்ற இளம் விதவையை உருவாக்கி, முழு நாவலையும் அவள் வாயால் சொல்ல வைத்தார்.

இதுதான் நிருபரின் மூளை செய்யும் வேலை. நிவாரண முகாமுக்குப் போனால் அதிகாரியின் பேட்டியோடு நீங்கள் திரும்பியிருக்க மாட்டீர்கள். தண்ணீர் சுமந்துகொண்டிருந்த பெண்ணிடம் போய் நின்றிருப்பீர்கள். ஆவணக் காப்பகத்திலும் அப்படியே போய் நில்லுங்கள். பத்திரிகை ஆசிரியராக இருந்து சரித்திர நாவலின் பெரும்பரப்பைத் தமிழுக்குத் திறந்துவைத்த கல்கியும் இதைச் செய்திருக்கிறார். தஞ்சைக் கல்வெட்டில் குந்தவையின் கணவர் என்ற அளவில் வருகிற வல்லவரையர் வந்தியத்தேவரைத்தான் அவர் ஐந்து பாகங்களுக்கும் கதாநாயகன் ஆக்கினார். ராஜராஜனை அல்ல.

அடுத்து, உங்கள் களப்பணி வீணாகாது என்பதற்கும் ஈம் கதையே சாட்சி. எழுதப் படிக்க வாய்ப்பில்லாத ஒரு வேலைக்காரப் பெண் ஒரே ஆண்டில் மருத்துவச்சியாக, ஊரைத் தாங்குகிறவளாக மாறுவது நம்பும்படி இருக்குமா என்று புரூக்ஸிடம் கேட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட பெண்களைத் தாம் நேரில் பார்த்திருப்பதாக அவர் பதில் சொன்னார். எரித்திரிய விடுதலைப் போரில் படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்ற கிராமத்துப் பெண்களையும், சதாம் உசேனுக்கு எதிரான கிளர்ச்சி தோற்றபின் கண்ணிவெடி புதைத்த மலைப்பாதைகள் வழியாகக் குடும்பத்தை நடத்திச் சென்ற குர்தியப் பெண்களையும் கண்டு எழுதியவர் அவர். அவர்கள் மாறியிருக்கும்போது அன்னாவும் மாற முடியும் என்பது அவர் வாதம். பதினேழாம் நூற்றாண்டின் உடையையும் உணவையும் நூலகம் தந்துவிடும். அச்சத்தில் ஒரு மனிதர் எப்படி நடந்துகொள்வார் என்பதை நேரில் பார்த்தவர்தான் எழுத முடியும். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

இனி நேர்மைக்கு வருகிறேன். ஆவணம் சொன்னதை மாற்றாமல் இருப்பது, ஆவணம் மௌனமாக இருக்கும் இடத்தில் கற்பனை செய்வது, எது எது என்று வாசகருக்குத் தெரிவிப்பது. நேர்மையான சரித்திர நாவலுக்கு இந்த மூன்றும் வேண்டும். புரூக்ஸ் தம் நாவலில் பாதிரியாரின் பெயரை மாம்பெல்லியன் என்று மாற்றினார். ஊரை அடைக்கச் சொன்ன துணிவு வரலாற்று மனிதருடையது. நாவலில் வரும் வேறு பல செயல்கள் கற்பனை. செய்யாத குற்றத்தைச் செத்துப்போன ஒருவர் மீது சுமத்தக் கூடாது என்ற எண்ணத்தைத்தான் அந்தப் பெயர் மாற்றத்தில் நான் பார்க்கிறேன். நூலின் இறுதியில் குறிப்பு எழுதி, எது வரலாறு, எது தம் கற்பனை என்று சொல்லியும் விட்டார்.

இன்னும் தெளிவான சான்று சரயேவோ ஹகாதா. பதினான்காம் நூற்றாண்டு ஸ்பெயினில் ஓவியங்களோடு எழுதப்பட்ட யூதச் சுவடி அது. 1992-ல் தொடங்கிய போஸ்னியப் போரின்போது அங்கே செய்தி சேகரித்த நாட்களில் புரூக்ஸ் அதைப் பற்றி அறிந்தார். பின்னர் 2001-ல் அதைச் செப்பனிடும் பணியை நேரிலேயே பார்த்தார். இரண்டாம் உலகப் போரில் அந்தச் சுவடியை நாஜிகளின் கையில் சிக்காமல் காத்தவர் தெர்விஷ் கோர்குட் என்ற முஸ்லிம் நூலகர். யூதப் பெண் ஒருத்தியையும் அவர் தம் வீட்டில் மறைத்து வைத்துக் காப்பாற்றினார். 2008-ல் வந்த 'பீப்பிள் ஆஃப் தி புக்' நாவலில் புரூக்ஸ் அவரைப் போன்ற ஒருவரை வேறு பெயரில் படைத்தார். அதற்குச் சற்று முன், 2007 டிசம்பரில், 'நியூ யார்க்கர்' இதழில் கோர்குட்டின் உண்மை வரலாற்றை உண்மைப் பெயரோடு கட்டுரையாக எழுதினார். சாட்சி இருந்த பகுதி கட்டுரையானது. சாட்சி இல்லாத பகுதி நாவலானது.

அதே சுவடியில் 1609-ம் ஆண்டு தேதியோடு வெனிஸ் நகரத் தணிக்கையாளர் விஸ்தோரினியின் கையெழுத்து இருக்கிறது. யூத நூல்களை எரித்த காலத்தில் இந்த நூலை ஏன் விட்டுவைத்தார்? அந்தக் கையெழுத்தைத் தாண்டி விடையில்லை. நாவலின் ஒரு பகுதி முழுவதும் அந்த விடையைத் தேடுகிறது. இப்படி எழுதுவது பொய்யாகாது. வரலாறு பதில் தராத ஒரு நியாயமான கேள்வியோடு பொறுப்பாக மல்லுக்கட்டுவது இது. உங்கள் மனம் உறுத்துவதை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன். அந்த உறுத்தலைப் போக்கிக்கொள்ளாதீர்கள். உங்கள் நாவலுக்கு அதுவே வேலியாக இருக்கட்டும்.

நண்பர் சொன்ன 'ஞாயிறு மலர்' குறை, நிருபர்கள் எழுதும் முதல் நாவல் எல்லாவற்றிலும் தலைகாட்டும். காரணம் பழக்கம். செய்தியில் முக்கியமானதை முதல் பத்தியிலேயே கொட்டிவிட வேண்டும். பின்னணியை விளக்க வேண்டும். இரு தரப்பையும் கேட்க வேண்டும். நாவலில் இந்த மூன்றுமே எதிராக வேலை செய்யும். உங்கள் பாத்திரத்துக்குப் பின்னணி விளக்கம் தேவையில்லை, அவள் அதற்குள்தான் வாழ்கிறாள். இரு தரப்பும் அவளுக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவு அவளுக்குத் தெரியாது.

பிளேக் கிருமியை யெர்சின் ஹாங்காங்கில் கண்டறிந்தது 1894-ல். எலித்தெள்ளு அதைப் பரப்புகிறது என்று சிமோன் கராச்சியில் காட்டியது 1898-ல். 1666-ன் அன்னாவுக்குத் தெள்ளைப் பற்றிய சந்தேகம்கூட வரக் கூடாது. அவளுக்குத் தெரிந்தது பச்சிலை, ஜெபம், அச்சம். எழுதுகிறவருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்கு எங்கே கசிந்தாலும் அந்த இடம் கட்டுரையாகிவிடும். உங்கள் இரண்டு அத்தியாயங்களையும் எடுத்து, 1942 மார்ச்சில் அந்த மனிதருக்குத் தெரிந்திருக்க முடியாத ஒவ்வொரு வரியையும் அடித்துப் பாருங்கள். ரங்கூன் மார்ச் 8-ம் தேதி வீழ்ந்தது என்று உங்களுக்குத் தெரியும். பிப்ரவரியில் கடையைப் பூட்டலாமா வேண்டாமா என்று தவிக்கிறவருக்குத் தெரியாது.

ஆராய்ச்சியை எங்கே நிறுத்துவது என்று கேட்டீர்கள். எங்கே தொடங்குவது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கதை சொல்பவரின் குரல் கிடைத்த பிறகே எழுதத் தொடங்குவதாகவும், கதை எதைக் கேட்கிறதோ அதைத் தேடிப் போவதாகவும் புரூக்ஸ் சொல்லியிருக்கிறார். அப்படித் தேடும்போது அரண்மனைச் செய்தியைவிடப் பிழைப்புச் செய்தி அதிகம் உதவும். ஈம் வட்டாரம் காரீயச் சுரங்கத் தொழிலாளர்களின் இடம். அவர்களுக்கென்று தனி நீதிமன்றமும் பழஞ்சட்டமும் உண்டு. குறித்த காலம் வேலை நடக்காத சுரங்கத்தை இன்னொருவர் தமதென்று கோரலாம். பிளேக்கில் பெற்றோரை இழந்த ஒரு சிறுமியின் சுரங்கம் அந்தச் சட்டத்தால் பறிபோக இருக்கிறது. அன்னாவும் பாதிரியாரின் மனைவியும் பூமிக்குள் இறங்கித் தாங்களே காரீயம் வெட்டுகிறார்கள். நாவலின் உயிர்ப்பான இடங்களில் அது ஒன்று. வரலாற்று விவரம் அங்கே அலங்காரமாக நிற்கவில்லை. இரண்டு பெண்களை ஒரு முடிவுக்குத் தள்ளுகிறது. உங்கள் குறிப்புகளையும் இப்படிச் சோதியுங்கள்: யாரையாவது ஏதாவது செய்ய வைக்கிற விவரம் நாவலுக்கு, மற்றவை கோப்பிலேயே கிடக்கட்டும்.

இதை உங்கள் ரங்கூனுக்குக் கொண்டுவருகிறேன். 1931 கணக்கெடுப்பில் அந்த நகரத்து மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1941 டிசம்பர் 23-ம் தேதி குண்டு விழுந்ததும் துறைமுகக் கூலிகளும் துப்புரவுத் தொழிலாளர்களும் கும்பல் கும்பலாக நகரத்தை விட்டு நடந்தார்கள், நகரமே ஸ்தம்பித்தது. ஆட்சியாளர்கள் அவர்களைத் திரும்ப அழைத்தார்கள்; கணிசமானோர் திரும்பியும் வந்தார்கள். ஏன் திரும்பினார்கள்? கூலி பாக்கியா, மேஸ்திரியின் வாக்கா, விட்டுவந்த பெட்டியா? எனக்கு நாவல் அந்த இடத்தில் தொடங்குவதாகத் தோன்றுகிறது. திரும்பியவர்கள் இரண்டாம் முறை புறப்பட்டபோது தவுங்குப் கணவாயிலோ தமு வழியிலோதான் நடந்திருப்பார்கள். வழி நெடுகக் காலரா.

கவர்னரையோ படைத்தளபதியையோ மையமாக வைக்காதீர்கள். அவர்களுக்குச் சுயசரிதையும் அறிக்கையும் இருக்கின்றன. முகாம் பதிவேட்டில் ஒரு வரியாக நிற்கிற சமையல்காரரை, திமாப்பூர் ரயிலடியில் தனியாக வந்து சேர்ந்ததாகக் குறிக்கப்பட்ட ஒரு குழந்தையைத் தேடுங்கள். காரைக்குடியில் இருக்கிறீர்கள், பர்மாவில் லேவாதேவி நடத்திய செட்டியார் குடும்பங்களின் கணக்குப் பேரேடுகள் சுற்று வட்டாரத்தில் எங்கேனும் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஒரு கடையின் கடைசிப் பற்று எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்பது வேறெந்த அறிக்கையும் தராத செய்தி.

கதை சொல்பவரைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் எல்லையையும் அறிந்திருங்கள். 1665-ல் ஹார்வர்டில் பட்டம் பெற்ற வாம்பனோக் பழங்குடி இளைஞர் காலெப்பைப் பற்றிப் புரூக்ஸ் எழுதிய 'காலெப்ஸ் கிராசிங்' நாவலை, காலெப் சொல்வதில்லை. அவருடன் பழகிய, புரூக்ஸ் உருவாக்கிய ஒரு போதகரின் மகள் சொல்கிறாள். காலெப்பின் உள்மனத்தைத் தாம் முழுதும் அறிந்ததுபோல் எழுதாத அந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன். ஆவணத்தின் வேலியைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதையும் அவருடைய முதல் நாவலிலேயே பார்க்கலாம். இறுதிப் பகுதியில் கதை ஈமை விட்டு வெகுதொலைவு போய்விடுகிறது. அந்த முடிவு ஒட்டவில்லை என்று பல வாசகர்கள் சொன்னார்கள். எனக்கும் அப்படியே பட்டது. அதுவரை ஒவ்வொரு பக்கத்தையும் தாங்கிய கிராமம் அங்கே இல்லை.

வயதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். புரூக்ஸின் முதல் நாவல் வந்தபோது அவருக்கு 45 வயது. அதற்கு முன் அவர் செய்த வேலைதான் அந்த நாவலைச் சாத்தியமாக்கியது. இருபத்தைந்து வயதில் உங்களாலும் இதை எழுதியிருக்க முடியாது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். நீங்கள் எழுதிய செய்தி தவறென்றால் சம்பந்தப்பட்டவர் மறுநாளே மறுப்புக் கடிதம் அனுப்பலாம்; ஆசிரியர் திருத்தம் வெளியிடுவார். 1942-ல் தமு வழியில் விழுந்தவர்களுக்கு அந்த உரிமை இல்லை. ஆகவே நிருபராக இருந்தபோது காட்டியதைவிட நாவலாசிரியராக நீங்கள் அதிகக் கவனம் காட்ட வேண்டியிருக்கும். அந்தப் பழக்கம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதனால்தான் இதை நீங்கள் எழுத வேண்டும் என்று விரும்புகிறேன்.